மூன்று முறை திரும்பி வந்த கதை

அந்தக் கதை மூன்றாவது முறையும் திரும்பி வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திருப்பி அனுப்பியது சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகை. ஆசிரியர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். போனில் மரியாதையாகத்தான் பேசினார்.

“நடை நல்லா இருக்கு சார். ஆனா அந்த பிரின்சிபாலைத் தவிர எல்லாருமே நல்லவங்களா இருக்காங்க. அப்பா கதை முழுக்க வருத்தப்படறாரே ஒழிய ஒண்ணும் செய்யலையே?”

நன்றி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு மனதுக்குள் அவரை ஒரு பிடி பிடித்தேன். அந்த அப்பா நான்தான். ஒன்றும் செய்யவில்லை என்றால் எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் பாதியிலேயே ஹாலை விட்டு எழுந்து வந்துவிட்டாள். மூச்சு முட்டியதாம், கை நடுங்கியதாம். மறுநாள் பிரின்சிபாலைப் பார்த்துக் கேட்டால் திரும்ப எழுத விடுவார்கள் என்று தோழிகள் சொன்னார்கள். போனாள். மாலையில் வீட்டுக்கு வந்து, “ஹோலோ நா” என்றாள். வங்காளத்தில் நடக்கவில்லை என்று அர்த்தம். ஒரு வருஷம் போனது, பிறகு அந்தப் படிப்பே போனது. இப்போது வேறு ஏதோ சில மாதப் படிப்பு படித்து ஒரு டிசைன் கம்பெனியில் இருக்கிறாள். இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கும் எனக்கும் நடந்த பேச்சை எழுதினால் ஒரு பக்கம் தேறாது. “சாப்பாடு மேஜைல இருக்கு.” “சாவி எங்கே?” அவ்வளவுதான். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கதையாக எழுதி முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை திரும்பி வந்த பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வங்காளத்தில்தான் பிழைப்பு; பெஹாலாவில் வீடு, கிடர்பூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை. மினி பஸ்ஸில் நின்றபடியே காட்சிகளை மனதுக்குள் மாற்றிப் போடுவேன். முடிவை முதலில் வைத்தால்? பிரின்சிபாலுக்கு ஒரு மீசை வைத்தால்? ஒருநாள் யோசனையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே திரும்பி நடந்தேன். வீட்டில் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் காட்சிக்கு ஒன்றாக எழுதிக் கட்டில் முழுக்கப் பரப்பினேன். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கலைத்து அடுக்கினேன். பள்ளி ஆசிரியையான என் மனைவி படுக்க இடமில்லாமல் கூடத்துக்குப் போய்விட்டாள்.

பூஜை விடுமுறை வந்தது. எதிர்ச் சந்துப் பந்தலின் ஒலிபெருக்கி காலையிலேயே உயிரை வாங்கியது. மகளும் வீட்டில் இருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவதே பாதி வங்காளம்தான். அந்த தைரியத்தில்தான் அவளைப் பற்றிய கதையை அவள் கண்ணெதிரிலேயே இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருந்தேன். நினைத்தால் அது ஒரு கேவலமான தைரியம்.

“என்னைப் பத்திதானே?” என்றாள், தேநீர்க் கோப்பையோடு எதிரே உட்கார்ந்து. “அம்மா சொன்னா. படி, கேக்கறேன்.”

தப்பிக்க வழியில்லை. படித்தேன். மழை பெய்யும் இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அது எனக்குப் பிடித்த இடம். அப்பா ஜன்னலோரம் நின்று உருகும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டது தெரிந்தது. பதினொரு பக்கங்களையும் படித்து முடித்தேன்.

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஓ கிச்சு போலே நா கேனோ?” என்றாள். அவள் ஏன் எதுவுமே பேசுவதில்லை என்று கேட்கிறாள்.

“யாரு?”

“அந்தப் பொண்ணு. அவளுக்கு ஒரு டயலாக் கூட இல்லப்பா.”

தாள்களைப் புரட்டினேன். உண்மைதான். அப்பா பேசுகிறார், பிரின்சிபால் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார், பஸ் கண்டக்டர் கூட இரண்டு வரி பேசுகிறார். அவள் தலை குனிந்து நிற்கிறாள், கண் கலங்குகிறாள், அவ்வளவுதான். எத்தனையோ தடவை கலைத்து அடுக்கியும் இது என் கண்ணில் படவே இல்லை.

“பிரின்சிபாலைப் பாக்கப் போன அன்னிக்குக் காலம்பற நீ என்ன சொன்னே?” என்று கேட்டேன். பேனாவை எடுத்தேன். அவள் சொல்வதை எழுதிச் சேர்த்துவிட்டால் கதை சரியாகிவிடும் என்ற ஆசை அப்போதும் விடவில்லை.

“தனியா போக பயமா இருக்கு, நீயும் கூட வரியாப்பான்னு கேட்டேன்.”

எழுதினேன். “நான் என்ன சொன்னேன்?”

“உனக்கு ஞாபகம் இருக்கு.”

இருந்தது. நீயாகச் செய்ததுதானே, நீயே போய்ப் பார்த்துக்கொள், எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். கதையில் அந்த இடத்தில்தான் மழையைப் பெய்ய வைத்திருந்தேன். அவள் எதிரிலேயே அந்த வாக்கியத்தை எழுதினேன்.

“அப்பறம் பிரின்சிபால் என்ன சொன்னார்? அதையாவது சரியா எழுதறேன்.”

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்.

“நான் அவரைப் பாக்கவே இல்லப்பா. உள்ளயே போகலை. காலேஜ் வாசல் பஸ் ஸ்டாப்புல மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். நீ மனசு மாறி வருவேன்னு நெனச்சேன்.”

அந்தக் கல்லூரி அலிப்பூரில் இருக்கிறது. என் பஸ் தினமும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகும்.

அந்தப் பிரின்சிபால் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என் பதினொரு பக்கங்களில் நான்கு அவருடைய அறையில் நடந்தன. அவற்றைத் தனியே எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். மிச்சம் இருந்தது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆள் மட்டும்தான்.

அன்று மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது நன்றாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தேன். மகளால் மனமுடைந்த ஒரு தகப்பனைப் பற்றிய கதை. மூன்று முறை திரும்பி வந்த இந்தக் கதையின் முதல் வரியை அன்றுதான் எழுதினேன். அவள் பஸ் ஸ்டாப்பில் என் வழியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வரி வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

அதை அவளிடம் சொன்னேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. வங்காளத்தில் திட்ட ஆரம்பித்தாள், சத்தமாக, நடுவில் மூச்சு விடாமல், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. பாதியில் எழுந்து போய்விடத்தான் கால் துடித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.