சங்கு கேட்க வந்தவர்

மாரிகுப்பம் சுரங்க வாசலில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, காலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு ஒரு மீன்காரர் வந்து எதிரே உட்காருவார். நரைத்த மீசை, தோளில் வலை. ஆட்கள் அடித்துப்பிடித்து உள்ளே ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பார். முன்பு அவரும் சுரங்கத்தில் இறங்கியவர்தான்.

ஒருநாள் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை அவருக்கு மேஸ்திரி வேலை தரச் சொன்னார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“வேணாம் சாமி. சங்கு ஊதுறப்போ ஓடாம குந்திக்கினு இருக்கணும்னே பேத்தமங்களாவுலருந்து நடந்து வரேன்!”

“மீன் சிக்காத நாளுல இன்னா பண்ணுவீங்க?”

“நீந்துவேன்.”

“பசிக்குமே?”

“பசிக்கும். நல்லா நீந்துனா இன்னும் பசிக்கும்!” என்று குலுங்கிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பேத்தமங்களா ஏரியில் எனக்கும் நீந்தக் கற்றுக்கொடுத்தார். வேலையை நான் விடவில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் இன்றும் கைகால் துறுதுறுக்கிறது.