பிச்சையம்மாள் உதைத்த உதை

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் பெண்களில் பிச்சையம்மாளை முந்த ஆளில்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு எழுவாள். வாயும் கைக்குச் சளைத்ததல்ல. அவளிடம் எடைக்கல்லில் விளையாடிய வியாபாரி இன்றுவரை அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டுவதில்லை.

போன வருஷம் ஆவணியில் அவள் முங்கி எழும் நேரம் பார்த்து ஒரு வத்தைப் படகு குறுக்கே வந்தது. இன்ஜின் விசிறி வலது முன்தொடையைக் கிழித்துவிட்டது. புண் ஆறிவிட்டது, சதை போன இடம் பள்ளமாகவே நின்றது. படி ஏறினால் முழங்கால் மடங்கியது. கடலை வாசலிலேயே வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நரகமாக இருந்தது.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அங்கே கீழக்கரைக்காரரான டாக்டர் சூஃபியா பொறுமையாக விளக்கினார்.

“நல்ல காலுல இருந்து துளி சதை எடுப்போம்க்கா. அதுல உள்ள ஸ்டெம் செல்லை வெளியில வளத்துப் பெருக்கி, காயம்பட்ட எடத்துல ஊசியாப் போடுவோம். புதுச் சதை வளர அது உதவலாம், உதவாமலும் போகலாம்.”

“கயித்துல துண்டுப் பாசியக் கட்டி வளக்குற மாதிரியா டாக்டரம்மா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்!” என்று சிரித்தார் சூஃபியா.

ஊசி போட்டார்கள். மாதக்கணக்கில் பயிற்சியும் கொடுத்தார்கள். ஸ்கேனில் சதை கூடியது தெரிந்தது. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலில் பட்டை கட்டி, உதைக்கச் சொல்லிப் பலம் பார்க்கும் மெஷினில் எண் மட்டும் ஏறவே இல்லை.

“இன்னைக்கும் ஏறலைன்னா கடல் வேணாம்க்கா. அடியில கால் கைவிட்டா உயிருக்கே ஆபத்து” என்றார் சூஃபியா.

எப்போதும் துணைக்கு வரும் புருஷன் அன்று கடலுக்குப் போயிருந்தான். அதனால் கடலில் அவளோடு ஜோடியாக முங்கும் உமையாள் வந்திருந்தாள். பிச்சையம்மாள் உதைத்தாள். திரையில் பழைய எண்ணே நின்றது. டாக்டரின் முகம் வாடியது. உமையாளோ திரையைப் பார்க்காமல் பிச்சையம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, இப்ப ஒதைச்சீகளே, உள்ள மிச்சம் எம்புட்டு இருக்கு?”

“பாதி இருக்கும்.”

“பாதியா?” என்று டாக்டர் பதறினார். “முழு பலத்தோட ஒதைங்கன்னுதான ஒவ்வொரு தடவையும் சொன்னேன்!”

“முழுசையும் எப்படி டாக்டரம்மா செலவழிக்கிறது? மேல வர வேணாமா?”

முங்கிப் பிழைக்கிறவர்களின் முதல் பாடம் அது. அடியில் எவ்வளவு பாசி கிடந்தாலும், எழுந்து வரத் தேவையான பலத்தைத் தொடக்கூடாது. நல்ல காலில் இருப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். காயக் காலில் தெரியாது. அதனால் கஞ்சன் காசைப் பொத்துவதுபோல் அதைப் பொத்திவைத்திருந்தாள். பாவி மகள், சிகிச்சையையே தோற்கடிக்கப் பார்த்தாளே!

“இங்கன என்ன கடலா இருக்கு? நாக்காலியிலதான உக்காந்திருக்கீக! உள்ளத எல்லாம் கொட்டுங்க மதினி!” என்று கத்தினாள் உமையாள்.

பிச்சையம்மாள் பல்லைக் கடித்து உதைத்தாள். நாற்காலி குலுங்கியது, எண் விறுவிறுவென்று ஏறியது. டாக்டர் இருக்கையை விட்டு எழுந்தே விட்டார்.

“அக்கா, இன்னொரு தடவை!”

அதையும் தாண்டி ஏறியது. பிச்சையம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இம்புட்டுமா எனக்குள்ள இருந்துச்சு!”

“ஊசி பாதி, உங்க பயிற்சி பாதியா இருக்கலாம். ஒரு ஆளை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். சொல்லும்போதே அவர் குரல் துள்ளியது. “மொதல்ல இடுப்பளவு தண்ணிதான். உமையாள் கூடவே இருக்கணும்.”

“நாளைக்கே எறங்கலாமா?”

“நாளைக்கே!”

பட்டையை அவளே அவிழ்த்தாள். உமையாள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, வலது காலை முதலில் தரையில் ஊன்றி இறங்கினாள்.