ஆற்று நடுவில் ஒரு மூங்கில்

இது நடந்தது. நம்பாதவர்கள் குண்டசாலைக்குப் போய், மகாவலியில் மணல் எடுக்கிறவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு தடவை ஆற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள். தனபாலனும் கதை கட்டுகிற ஆள் அல்ல. பேராதனையில் மண்ணியல் படித்தவன். மணல் எடுக்கும் இடங்களைச் சோதிக்கிற அரசாங்க வேலை. மனைவி போன மழைக்காலத்தில் இறந்தாள். அதற்குப் பிறகு எதற்கும் பயப்பட அவனுக்குத் தோன்றியதில்லை.

குண்டசாலை மணல் துறையின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வந்திருந்தது. சட்டம் எளிது. வாளியால் மட்டும் அள்ளலாம், இயந்திரம் கூடாது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆற்றில் கை வைக்கக் கூடாது. ஆனால் ஆறு மணிக்குப் பிறகும் மூங்கில் தட்டும் சத்தம் கேட்கிறதென்று அக்கரையிலிருந்து புகார் வந்திருந்தது. உண்மையென்றால் துறையை மூட வேண்டும்.

அவன் போனபோது ஆட்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை இப்படித்தான்: ஆற்றடியில் ஒரு மூங்கிலை ஊன்றி, அதில் தோணியைக் கட்டுவார்கள். ஒருவன் வாளியோடு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முங்குவான். வாளி நிறைந்ததும் மூங்கிலை இரண்டு தட்டுத் தட்டுவான். தோணியில் இருப்பவன் வாளிக் கயிற்றை இழுப்பான். முங்கியவன் மூங்கிலைப் பிடித்தே ஏறி வருவான். கலங்கல் தண்ணீரில் அவனுக்கு வேறு வழி தெரியாது. மாலையில் மூங்கில்களையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் நடு ஆற்றில் நின்றது.

"அது யாரோடது?"

"எங்களுது இல்லீங்க சார்." தோணிக்காரர் சின்னமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப ஆத்துல மொளச்சிச்சா?"

"மொளச்சதுன்னே வச்சிக்குங்க. இருட்டப் போவுது. போங்க சார், வீட்ல தேடுவாங்க."

"யாரும் தேட மாட்டாங்க."

சின்னமுத்து துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தனபாலனுக்குச் சந்தேகம் முற்றியது. திரும்பி வரப் போகிறார்கள். அடையாளத்துக்குத்தான் அதை விட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை நாணல் புதருக்குள் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

ஆறே கால். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அக்கரைப் புத்த விகாரையில் பிக்குகள் பிரித் ஓதும் சத்தம் கேட்டு, நின்றது.

டொக்... டொக்.

எழுந்தான். தோணி இல்லை. ஆள் இல்லை. மூங்கில் மட்டும் நடுங்கியது. நீரோட்டம் என்று நினைத்தான். ஆனால் அது ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

டொக்... டொக்.

அடியில் எவனோ இருக்கிறான். மேலே ஆளில்லாமல் யாருக்குத் தட்டுகிறான்?

தலை தெரியும் என்று காத்திருந்தான். தெரியவில்லை. அவ்வளவு நேரம் யாராலும் மூச்சுப் பிடிக்க முடியாது...

கரையில் கிடந்த சிறு தோணியைத் தள்ளிக்கொண்டு போனான். குமிழிகூட இல்லை. மூங்கிலைப் பறிமுதல் செய்வது என்று முடிவு செய்தான். இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

அது சேற்றில் புதைந்த கனம் இல்லை. அவன் தளர்த்தினால் அதுவும் தளர்ந்தது. அவன் இழுத்தால்... அதுவும் இழுத்தது.

பிறகு, சட்டென்று விட்டுவிட்டது.

மூங்கிலைக் கரையில் கொண்டுவந்து போட்டான். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை.

காலையில் ஆழம் பார்க்கும் கயிற்றோடு வந்தான். கரையில் கிடந்த மூங்கிலைக் கண்ட சின்னமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சார் புடுங்குனது?"

"நான்தான்."

"அய்யோ... கீழ இருக்குறது எந்தம்பி சார். ராஜலிங்கம். போன வருசம் நான் ஹேவாஹெட்டவுக்குப் போயிருந்தேன். ஆறு மணி தாண்டியும் முதலாளி அவன எறக்கியிருக்காரு. பொலிஸ் வருதுன்னு யாரோ கத்த, மேல இருந்தவனுங்க கம்ப புடுங்கிக்கிட்டு ஓடிட்டானுங்க. அவன் கீழ."

"அப்புறம்?"

"ஒடம்பு கெடைக்கல. ஒரு நா காலையில அந்தக் கம்பு நின்னுச்சு. யாரு நட்டான்னு தெரியாது. புடிச்சி ஏறி வந்துருவான்னு... நாங்க யாரும் தொடுறதில்ல. திரும்ப நட்டுருங்க சார். கால்ல வேணா விழுறேன்."

நாடகம் என்றுதான் தனபாலன் நினைத்தான். எப்படியும் ஆழம் பார்க்க வேண்டும். இருவரும் தோணியில் போனார்கள்.

அதே இடம். பதினான்கு அடி மூங்கில். கீழே அழுத்தினான். இறங்கியது... இறங்கியது... தண்ணீர் முழங்கையைத் தொட்டது.

அடி தட்டவில்லை.

ஒரு கையில் மூங்கிலைப் பிடித்தபடி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை மறுகையால் விட்டான்.

முப்பத்தொரு அடி.

இயந்திரம் போட்டுத் தோண்டிய குழி. துறையை மூட அது ஒன்றே போதும். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு உறைத்தது.

இந்த மூங்கில் நேற்றுவரை எதன்மேல் நின்றது?

கீழே, மூங்கிலின் நுனியை ஏதோ மெதுவாகப் பிடித்தது.

"கைய விடுங்க சார்," என்றார் சின்னமுத்து, மூச்சுக் குரலில்.

விட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விட்டான்.

மூங்கில் நான்கடி மேலே வந்தது. சாயவில்லை. மிதக்கவில்லை.

நின்றது.