அளவுநாடா போன வழி

என் மாமாவுக்குக் குகைப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. அம்மாவின் ஒரே தம்பி. ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை. கிழமை நாட்களில் மேசைக்கு முன்னால் அடக்க ஒடுக்கமாக இருக்கும் மனிதர், சனிக்கிழமை விடிந்தால் முழங்காலில் கிழிந்த காற்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். சண்டை முடிந்து, கண்ணிவெடி எல்லாம் எடுத்து, திரியாய்ப் பக்கத்துக் காட்டில் ஒரு துண்டைப் பூங்கா என்று அறிவித்து மூன்று மொழியில் பலகை நட்டிருந்தார்கள். உள்ளே எத்தனை குகை இருக்கிறது என்று பலகை நட்டவர்களுக்கே தெரியாது. அவற்றைத் தேடி அளந்து படம் வரைந்து கொடுக்கச் சம்பளமில்லாத கூட்டம் ஒன்று சேர்ந்தது. மாமா அதற்குத் தலைவர். தன்னைத் தானே நியமித்துக்கொண்ட தலைவர் என்று அம்மா சொல்வாள்.

குகை அளப்பதில் மாமா வைத்திருந்த ஒழுங்கு கோயில் பூசையைவிடக் கடுமையானது. ஒருவர் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். வாசலில் நிற்பவர் அளவைச் சத்தமாக வாசிப்பார். எழுதுபவர் அதை அப்படியே திரும்பச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திரும்பச் சொன்னது காதில் விழுந்ததும் உள்ளே இருப்பவர் நுனியை விட்டுவிடுவார். நாடா சரசரவென்று சுருண்டு வாசலுக்கு வந்துவிடும். வாசிப்பது மாமா. எழுதுவது, சுருட்டுவது எல்லாம் அவரோடு ஒன்றாகப் படித்த கிண்ணியாக்காரர். எனக்கு அவர் கிண்ணியா மாமா.

நான் அப்போது ஒன்பது வயதுப் பெண். வகுப்பில் எடுத்த எல்லாப் படங்களிலும் முன்வரிசை ஓரத்தில் நிறுத்தப்பட்டவள். ஒல்லி என்று என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் எங்கள் அன்புவழிபுரத்தில் யாரும் இல்லை. அந்த ஒல்லி உடம்புக்கும் ஒரு தேவை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் மாமாதான். சிறிய குகைகளில் நுனி பிடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். அந்தப் பெருமையில் நான் நிலத்தில் நடக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல்நாள், பூங்காவுக்குள் குளத்துக்கு மேற்கே இருக்கிற இரட்டைப் பாறைக்குப் போகிறோம் என்று மாமா சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பிறகு, நாள் முழுக்கக் கடைப் பாணைத் தின்றுகொண்டு அலையத் தேவையில்லை, தானும் வந்து சமைத்துத் தருகிறேன் என்றாள். கோயில் திருவிழாவுக்கே இழுத்துக்கொண்டு போக வேண்டிய ஆள் அவள். எங்கள் திறமையைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நானும் மாமாவும் ஒரே மாதிரி நினைத்தோம்.

வான் வண்டியில் போகும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பிள்ளையை அந்தப் பாறைக்குள்ளே விடக்கூடாது. மாமா ஓம் என்று தலையாட்டினார். மாமாவின் ஓமுக்கு ஆயுள் குறைவு. காலை முழுதும் பெரிய குகைகளை அளந்தோம். எல்லாம் நிமிர்ந்து நடக்கக்கூடியவை, நான் நுனி பிடித்தேன், விட்டேன், பிடித்தேன், விட்டேன். மத்தியானம் அம்மா கீழே பாலை மரத்தடியில் கருவாட்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது, பாறையின் அடிவாரத்தில் மாமா ஒரு பொந்தைக் கண்டார். முழங்கையால் ஊர்ந்தால்தான் போகலாம். அவருடைய தோள் நுழையாது. என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சும்மா ஒரு அளவு, அவ்வளவுதான் என்றார் மாமா. நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு போய், அதையே தடவிக்கொண்டு திரும்பி வந்துவிட வேண்டும். எளிய காரியம்.

ஊர்ந்தேன். வௌவால் எச்சத்தின் நாற்றம் மூக்கை அரித்தது. பொந்து வளைந்தது, இறங்கியது, பிறகு திடீரென்று நிமிர்ந்து நிற்கக்கூடிய ஓர் அறையாக விரிந்தது. இதுவரை யாரும் காணாத இடம் என்று நினைக்க உடம்பெல்லாம் சிலிர்த்தது. "வந்திட்டன்" என்று கத்தினேன். எங்கோ தூரத்தில் மாமா அளவை வாசித்தார். கிண்ணியா மாமா திரும்பச் சொன்னார். என் விரல்கள் தாமாகவே விரிந்தன. காலை முழுதும் பழக்கியது அப்படித்தானே. வாசலில் அவருடைய கையும் தன் பழக்கத்தில் சுருட்டத் தொடங்கியிருக்கிறது. நாடா என் காலடியில் சாரைப்பாம்பு போல ஓடி மறைந்தது.

மூன்று பேரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தோம். அந்த நாடாதான் நான் திரும்பி வரும் வழி என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதைப் பிடிக்கக் குனிந்தபோது, என் சின்னத் தலைக்காக முடிச்சுப் போட்டு இறுக்கிய விளக்கு கழன்று விழுந்து அணைந்தது. தடவி எடுத்துத் தட்டினேன். எரியவில்லை. விழுவதற்கு முன் அந்த வெளிச்சத்தில் நான் கடைசியாகக் கண்டது, சுவரில் ஒரே மாதிரியான நாலு கறுப்புப் பொந்துகள். எதால் வந்தேன் என்று தெரியவில்லை.

முதலில் அழவில்லை. இருட்டு என்றால் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் வருகிற இருட்டைத்தான் அதுவரை அறிந்திருந்தேன். இது வேறு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கத்தினேன். மாமாவும் கத்தினார். "சத்தம் போடு பிள்ளை, விடாமல் சத்தம் போடு" என்று அவர் கத்துவது நாலு பொந்தாலும் ஒரே நேரத்தில் வந்தது. ஒன்றுக்குள் தலையைக் கொடுத்து ஊர்ந்தேன். அது ஒடுங்கி ஒடுங்கி நெஞ்சை நெரித்தது. பின்பக்கமாகவே இழுத்து இழுத்து வெளியே வந்தபோது அறையின் எந்த மூலையில் இருக்கிறேன் என்பதும் போய்விட்டது. அதன் பிறகுதான் அழுதேன். அந்தக் காட்டில் கரடி உண்டு என்று வான் வண்டியில் யாரோ சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே நடந்ததைக் கிண்ணியா மாமா பிறகு சொன்னார். மாமா அந்தப் பொந்துக்குள் தன்னைத் திணிக்கப் பார்த்து, தோள் இறுகி, அசைய ஏலாமல் போய், இவர்தான் காலைப் பிடித்து இழுத்து எடுத்தாராம். உடனே இவரே அம்மாவிடம் ஓடினார். பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று சொன்னதும், எந்தப் பொந்து என்று அவள் கேட்கவே இல்லை. அகப்பையைப் போட்டுவிட்டு, நாங்கள் இருந்த பக்கத்துக்கு வராமல், எதிர்ப்பக்கமாகப் பாறையில் ஏறினாளாம். பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து, இவர் பொந்துப் பக்கமே திரும்பி ஓடினார்.

எனக்குத் தெரிந்தது, தலைக்கு மேலே கல் உருளும் சத்தம். யாரோ, அல்லது ஏதோ, கல்லைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. மண் என் முகத்தில் கொட்டியது. கரடிதான் என்று முடிவு செய்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு வாய்விட்டு அலறினேன். மேலே மங்கலாக ஒரு கீற்று வெளிச்சம் வந்தது, அதை மறைத்துக்கொண்டு ஓர் உடம்பு சறுக்கி விழுந்தது. அடுத்த கணம் ஒரு கை என் வாயைப் பொத்தியது. வெங்காயமும் புகையும் மணத்தன. அம்மா.

"சத்தம் போடாதை" என்று என் காதுக்குள் சொன்னாள். "அவங்கள் போகட்டும்."

என்னை மடியில் இழுத்து வைத்துச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். மேலே வெளிச்சம் தெரிகிறது. வெளியே மாமா தொண்டை கிழியக் கூப்பிடுகிறார். அளக்க வந்த கூட்டத்தில் மற்றவர்களும் ஓடி வந்து பாறையைச் சுற்றிக் கத்துகிறார்கள். ஏறிப் போக வேண்டியதுதான். அம்மா அசையவில்லை. ஒரு கை என் வாயை விட்டு எடுபடவில்லை. மற்றக் கையின் விரல் ஒன்று என் மூக்குக்குக் கீழே இருந்தது. மூக்குச் சளியைத் துடைக்கிறாள் என்று நினைத்து, வெட்கத்தில் முகத்தைத் திருப்பினேன். அவள் உடம்பு நடுங்கியது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். ஓம் என்று சொல்லிவிட்டு ஏமாற்றிய மாமாவைக் கொஞ்ச நேரம் நன்றாகத் தேடவிட்டுப் பழிவாங்குகிறாள்; அதற்கு நானும் உடந்தை. அப்படி நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது. அந்த இருட்டில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

வெளியே சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தூரப் போய் ஓய்ந்தன. அதற்குப் பிறகும் நெடுநேரம் இருந்தோம். பிறகு நித்திரையால் எழும்பியவள் போல அம்மா கையை எடுத்தாள். "வா, மேல போவம்" என்று சாதாரணக் குரலில் சொன்னாள்.

பாறையைச் சுற்றி இறங்கி வந்தபோது மாமா அந்தப் பொந்தின் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். சட்டை கிழிந்து தோள் இரத்தமாக இருந்தது. இன்றைக்கு மாமாவுக்கு நல்ல பூசை என்று ஆவலோடு பார்த்தேன். அம்மா அவரை ஏசவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவருடைய முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவி, ராசா, ராசா என்று அழுதாள். தொலைந்தது நான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது.

அழுகை எல்லாம் ஓய்ந்த பிறகு மாமா கேட்டார். "அக்கா, மேல ஒரு வாசல் இருக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா குழம்பை இறக்கிக்கொண்டே, காற்று வந்தது என்றாள். மாமா அதை அப்படியே நம்பினார். காற்றை வைத்து வாசல் கண்டுபிடித்த அக்காவின் கெட்டித்தனத்தைப் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன வருடம் மாமாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஒருநாள் எங்கள் வீட்டில் அது விடாமல் அழுதது. பக்கத்து வீட்டு மாமி விளையாட்டாக அதன் வாயை விரலால் மூடப் போனபோது, அம்மா குசினி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அழட்டும். எவ்வளவு நேரமெண்டாலும் அழட்டும்." எல்லோரும் போன பிறகு, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அம்மா முதலும் கடைசியுமாக அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள்.

ஊரை விட்டு ஓடியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அந்த இரட்டைப் பாறைக்குள் குடும்பத்தோடு ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்தார்கள். மேலே ஆயுதத்தோடு வந்த ஆட்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினார்கள். அவள் மடியில் ஒன்றரை வயது மாமா. பசியில் வீரிட்டான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பொத்தினாள். ஆட்கள் போனபின் கையை எடுத்தபோது பிள்ளை அழவில்லை. உதடு நீலமாக இருந்தது. குலுக்கி, ஊதி, முதுகில் தட்டி, மூச்சு திரும்பி வருவதற்குள் தானே செத்துப் பிழைத்தாளாம்.

"அவனுக்குச் சொல்லிப்போடாதை" என்றாள். "என்னைத்தான் அவன் தாயெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

நான் சொல்லவில்லை. அன்று குகைக்குள் நான் முகத்தைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் அம்மா அந்த விரலைத் திரும்பக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழேயே வைத்தாள். என் மூச்சு அதில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.