மூன்று அங்குல மழை

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் குவளை ஒரு வருஷத்துக்கும் மேலாக மண்ணில் பாதி புதைந்து நின்றது. அதன் வாயில் செம்புப் புனல் ஒன்று. ஆடு மாடு வராமல் சுற்றிலும் முள்வேலி. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சென்னையில் காலேஜ் முடித்துவிட்டு, மேல் பட்டம் வாங்குவதற்காகச் சித்தூரில் எங்களோடு தங்கி மழையை அளந்துகொண்டிருந்தார். சித்தூரில் உட்கார்ந்து மழையை அளக்கிறவனுக்குப் பட்டம் கொடுப்பார்கள் என்பதை அம்மா கடைசி வரை நம்பவில்லை.

தினமும் காலை எட்டு மணிக்கு மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலிக்குள் நுழைவார். குவளைக்குள் இருக்கும் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட ஒரு சின்னக் கண்ணாடியில் கவிழ்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் விழாது. ஒன்றும் விழவில்லை என்பதையும் நோட்டில் எழுதுவார். பால் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள், "இதி ஏ தேவுடம்மா?" என்று கேட்டாள். எந்தச் சாமி என்று நாங்கள் பதில் சொல்வதற்குள் புனலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்துவிட்டாள். கிறிஸ்தவ வீட்டுக் கொல்லையில் பொட்டு வைத்த சாமியா என்று அம்மா பதறிப்போய்ப் புளி போட்டுத் தேய்க்க, மாமா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, வானத்தத் தவிர வேற யாரும் இதுல ஒரு சொட்டு தண்ணி வுடக் கூடாது. வுட்டா நான் இத்தினி நாளா செஞ்சதெல்லாம் வீணு!"

சொன்னது அம்மாவிடம், முறைத்தது என்னை. எனக்கு அப்போது எட்டு வயது. கை சும்மா இராது, கால் ஓர் இடத்தில் நிற்காது. அவர் முறைத்ததில் நியாயம் இருந்தது.

அளக்கிற பழக்கம் மாமாவைக் கொல்லையோடு விடவில்லை. அம்மாவின் குழம்பில் விழும் உப்பைக் கரண்டிக் கணக்கில் விசாரிப்பார். என் நைனா எங்கள் சபையின் உபதேசியார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் கிராமங்களைச் சுற்றப் போய்விட்டால் சபைக்கு எல்லாம் நைனாதான். அவருடைய ஜெபம் சாதாரண நாளில் நாலு நிமிஷம், விருந்தாளி வந்த நாளில் பதினொரு நிமிஷம் என்று மாமா கண்டுபிடித்துச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அன்றைக்கு நைனா அவரோடு பேசவில்லை.

இதே மாதிரி இன்னொரு குவளை திருப்பதியில் இருந்தது. மலையடிவாரத்தில் எவ்வளவு பெய்கிறது, நாற்பது மைல் தள்ளி எங்கள் ஊரில் எவ்வளவு பெய்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டவர் அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த, மாமாவுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். வாரம் ஒரு கார்டு வரும். 'ஞாயிறு இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. புதன் துளி.' அவ்வளவுதான்.

"கட்டிக்கப் போறவனுக்கு எழுதற லெட்டராடி இது?" என்று அம்மா என்னிடம் அங்கலாய்ப்பாள். மாமாவோ அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கார்டு வருகிறவரை கழற்றிய சட்டையைக்கூடத் துவைக்கப் போடமாட்டார்.

எனக்கு அந்த அத்தை மேல் கொள்ளை ஆசை. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, என் தலையை மடியில் வைத்து, முகம் சுளிக்காமல் பேன் எடுத்தவர் அவர் ஒருவர்தான். அம்மா எடுத்தால் குட்டுக் கணக்குத்தான் பேன் கணக்கைவிட அதிகமாக இருக்கும். கல்யாணத்தன்று நீதான் எனக்கு முன்னால் பூக்கூடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், லேஸ் வைத்த கவுன் தைத்துத் தருகிறேன் என்று அத்தை சொல்லியிருந்தார்.

அந்தக் கல்யாணம்தான் தொங்கலில் இருந்தது. மாமா இரண்டு வருஷமாக ராப்போஜனப் பந்தியில் உட்காரவில்லை. ஆராதனைக்கு வருவார், பாட்டெல்லாம் பாடுவார், இயேசுவின் கடைசி விருந்தின் நினைவாக எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கிற நேரத்தில் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். இது திருப்பதிக்குத் தெரிந்துவிட்டது. அத்தையின் நைனா அங்கே சபை மூப்பர். பந்தியில் உட்காராதவனுக்குப் பெண் இல்லை, இந்த மாதம் ஓலை வாசிக்காவிட்டால் தாலுகா ஆபீஸ் மாப்பிள்ளை ஒருவன் தயாராக இருக்கிறான் என்று எழுதிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிற அறிக்கையைத்தான் ஓலை என்பார்கள். ஐயர் சித்தூருக்கு வந்து ராப்போஜனம் கொடுப்பது மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் நைனா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாய்யா கொறஞ்சி பூடும் ஒனக்கு? ஒரு துண்டு அப்பம், ஒரு மொடக்கு ரசம். ஊரே வந்து குந்துது, நீ மட்டும் இன்னா?"

"குந்தறது பெரிசில்ல. குந்தினா நம்பறேன்னு அர்த்தம். நம்பாம குந்தினா பொய். பெய்யாத மழைய நோட்டுல எழுதற மாதிரி."

"அப்போ நாங்கெல்லாம் பொய் சொல்லிக்கினு கீறமா?"

"நான் என்னைத்தான் சொல்றேன்."

மாமா கேலியாகப் பேசவில்லை. முகம் வாடிப்போயிருந்தது. கேலி செய்திருந்தால் நைனாவுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் கிணறுகள் அடி தெரிய வற்றிக் கிடந்தன. ராப்போஜன ஞாயிறுக்கு முந்தின மூன்று நாளும் மழைக்காக உபவாச ஜெபம் என்று ஐயர் சொல்லியனுப்பியிருந்தார். நைனா அதைப் பிடித்துக்கொண்டார்.

"வானத்த அளக்கறியே, நாங்க கேட்டு அவரு குடுத்தா ஒத்துக்குவியா?"

மாமா சட்டைப் பையிலிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு களைத்துப்போன குரலில், "சரி. ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்குள்ள ஒரு அங்குலம் பெய்யட்டும். நான் வந்து குந்தறேன்" என்றார்.

"கர்த்தரையே சோதிக்கிறியாடா பாவி!" என்று அம்மா கத்தினாள். கத்திவிட்டு, வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள்.

அந்த மூன்று நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க நான் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி ஒன்றுமில்லை. சனிக்கிழமை தெற்கே கொஞ்சம் கறுத்தது, பிறகு அதுவும் வெளுத்துவிட்டது. உபவாசம் இருந்தவர்களைவிட அதிகமாக வானத்தைப் பார்த்தவர் மாமாதான். கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தேய்ந்தார். இவருக்கு என்ன, மழை வராவிட்டால் ஜெயித்துவிடுவாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஞாயிறு விடிகிறபோது கூரையில் படபடவென்று சத்தம். எழுந்து ஓடினேன். அம்மா முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நாலு துளி, நாற்பது துளி. பன்னீர் தெளித்த மாதிரி தெளித்துவிட்டு நின்றுபோனது. புழுதியில் அம்மை வடு மாதிரி புள்ளிகள். அம்மா அடுப்பு மூட்டப் போனாள்.

நான் தண்ணீர்த் தொட்டியில் சொம்பை முக்கினேன், பாவாடை முன்பக்கம் நனைந்தது. பள்ளிக்கூட ஸ்கேலில் ஒரு அங்குலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், என் கட்டைவிரலில் பாதி. குவளைக்குள் ஒரு அங்குலம் என்றால் எவ்வளவு தண்ணீர் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குறைந்துபோனால் அத்தை தாலுகா ஆபீஸுக்குப் போய்விடுவார். முள்ளை விலக்கி உள்ளே போய், சொம்பு நிறைய இருந்ததைப் புனலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன். நேரமாகிவிட்டதால்தான் ஊற்றுகிறேன், அப்புறம் பெய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊற்றினேன்.

எட்டு மணிக்கு மாமா வேலிக்குள் போனார். நைனா கோட்டு மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அம்மா கரண்டியோடு வந்தாள். மாமா பாட்டிலைத் தூக்கினார், தூக்கின கை அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியில் ஊற்றினார். அந்தக் கண்ணாடிக்கு அரை அங்குலம்தான் கொள்ளளவு. அது நிறைந்தது. தரையில் கொட்டினார். காய்ந்த மண் சுர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. மறுபடி ஊற்றினார், நிறைந்தது. மூன்றாவது. நாலாவது. போதும், போதும் என்று உள்ளுக்குள் கதறினேன், தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஆறு தரம் நிறைந்தது. மாமா குந்தியிருந்த இடத்தில் அவர் செருப்பு நகர்ந்தபோதெல்லாம் புழுதி கிளம்பியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன். நோட்டை மடியில் விரித்து, முந்தின நாள்களின் வரிகளை விரலால் தடவினார். பிறகு எழுதினார்.

"மூணு அங்குலம்" என்றார்.

நைனா வாயைத் திறந்தார். முற்றத்தைப் பார்த்தார். வேலி ஓரமாக நின்ற என் ஈரப் பாவாடையைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொன்னார். "கெளம்பு, மணியடிச்சிடுவாங்க."

நான் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் கோயில் வாசல் வரைதான் நின்றது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், இந்தப் பந்தியில் புசிக்கிறவனுக்கு வரும் தண்டனையைப் பற்றி ஐயர் வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு உறைத்தது. பொய் மழையை நம்பி மாமா வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பம் தொண்டையில் இறங்கியதும் செத்து விழப்போகிறார். கொன்றது நான். ஆண்கள் முன் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், தட்டு கை மாறி வந்தது. மாமா ஒரு துண்டு அப்பத்தை எடுத்தார். பக்கவாட்டில் எட்டி அவர் கழுத்தையே பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது. பக்கத்திலிருந்த அம்மாவின் சேலையை வாயில் திணித்துக்கொண்டேன். மாமா சாகவில்லை. தலை குனிந்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு நைனா ஸ்தோத்திர ஜெபம் செய்தார். வீட்டில் பூசணி காய்த்தால்கூட நன்றி சொல்கிறவர் அவர். அன்றும் ஒன்று விடவில்லை. ஐயர் வண்டி மாட்டுக்குக் கால் வீக்கம் வடிந்ததற்குக்கூடச் சொன்னார். மூன்று அங்குல மழைக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது, எழுந்து ஞாபகப்படுத்தலாமா என்று எனக்குக் கால் துறுதுறுத்தது.

ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது. லேஸ் என் கழுத்தை அறுத்தாலும் பூக்கூடையோடு நிமிர்ந்து நடந்தேன். மாமா திருப்பதியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தார். கொல்லையிலிருந்த குவளையைப் பிடுங்கிவிட்டார். முள் அடுப்புக்குப் போனது, செம்புப் புனல் மண்ணெண்ணெய் ஊற்ற அம்மாவுக்கு உதவியது. சென்னையிலிருந்து புரொபசரின் கடிதம் இரண்டு மூன்று வந்தது. மாமா பதில் போட்டதாகத் தெரியவில்லை.

நானும் பின்னால் டீச்சர் ஆனேன். பூகோள பாடத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மழைமானியில், பிள்ளைகள் எதிரில் ஒருநாள் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி அளந்து பார்த்தேன். மூன்று அங்குலம். ஒரே காலையில் அவ்வளவு பெய்திருந்தால் நீவா நதி கரைதொட்டு ஓடியிருக்கும். எனக்குப் பிள்ளைகள் முன்னால் முகம் சிவந்துவிட்டது. மாமா அப்போது உயிரோடு இல்லை. அத்தையிடம் போய்க் கேட்டேன்.

"அவருக்குத் தெரியாதா? எங்க ஊர்லயே அன்னிக்கி துளி. ஒங்க கொல்லைல காஞ்சி கெடந்த தரய அவரு கண்ணாலயே பாத்தாரே" என்றார் அத்தை. "பந்திக்கி வரதுக்கு ஒரு சாக்கு கெடைக்காதான்னு ரெண்டு வருசமா தவிச்சிக்கினு இருந்த மனுசன். நீ குடுத்த. அப்பால அந்த நோட்ட என்ன பண்றது? தப்பா எழுதினா கோடு போட்டு, பக்கத்துல காரணம் எழுதிக் கையெழுத்து போடணும். போட்டா பந்தில குந்தினது பொய். போடாம அனுப்பினா படிப்பு பொய். பொட்டிக்குள்ள வச்சிப் பூட்டிட்டாரு."

இதெல்லாம் எனக்குத் தெரியாத, கல்யாணமான அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு மாமாவும் அத்தையும் விருந்துக்கு வந்திருந்தார்கள். பட்டம் பட்டம் என்று பறந்தவன் பொண்டாட்டி வந்ததும் சுருண்டுவிட்டான் என்று அம்மா கேலி செய்துகொண்டிருந்தாள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாமாவின் முதுகில் தொங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தைக்கி பயந்துக்கினு படிப்ப வுட்டுட்டியா மாமா?" என்று கேட்டேன்.

நைனா சாப்பாட்டிலிருந்து தலை தூக்கினார். மாமா பின்னால் கையை வளைத்து என் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாண்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் நிறுத்தின பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.