ஜாமாய்பாபு சேர்த்த இரண்டு எழுத்து

பிள்ளைகளா, தமிழை நீங்கள் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் வங்காளியில் எழுதினால் என் பிழைகளைப் பார்த்துச் சிரிப்பீர்கள். இங்கிலீஷில் எழுதினால் பேனாவை எடுத்துத் திருத்தவே உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். போன வாரம், "அப்பா, ஹவுரா முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகைய ஏன் பிரிக்காமலே வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். காரணம் இதுதான். இதில் உங்கள் அப்பா அவ்வளவு நல்லவனாக வரமாட்டான். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் படிப்பு முடித்ததும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். என் படிப்பு அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹவுராவில் எடை மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பருத்தி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுகள் அங்கே செய்வார்கள். பாதிச் சரக்கு கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களுக்குப் போகும். அவர்களோடு தமிழில் பேசவும் கடிதம் எழுதவும் ஆள் வேண்டுமென்றுதான் என்னை எடுத்தார்கள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, நானும் மாறிக்கொண்டேன். பிறகு கம்பெனிக்கு வெப்சைட் வந்தபோது தராசுகளின் படத்தையும் விவரத்தையும் அதில் ஏற்றும் வேலை என் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

வெப்சைட்டைச் செய்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. ஆபீசில் எல்லோரும் ஜாமாய்பாபு என்போம். சால்ட் லேக்கில் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. சனிக்கிழமை மாமனாரைப் பார்க்க வருவார், என்னை நாற்காலியிலிருந்து எழுப்புவார், என் கம்ப்யூட்டரில் எதையாவது நோண்டிவிட்டுப் போவார். மாமனார் இருக்கும் இடத்தில் ஜாமாய் தப்புச் செய்ய முடியாது. தப்பு வேறு யாருடையதாகவாவதுதான் இருக்க வேண்டும். அந்த வேறு யாரோ நான் என்று தெரிய எனக்குச் சில வருஷம் பிடித்தது.

ஒரு வருஷம் கோயம்புத்தூர்க் கண்காட்சிக்காகப் புதிய காட்டலாக் அச்சடித்தோம். ஒவ்வொரு தராசின் படத்துக்குக் கீழும் அதன் பக்கம் இருக்கும் வெப்சைட் முகவரி. புரூஃப் பார்த்தது நான். ஒவ்வொரு முகவரியையும் கம்ப்யூட்டரில் அடித்துத் திறந்து பார்த்து, திறந்ததற்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டுத்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன். கண்காட்சி முடிந்த மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. பக்கம் திறக்கவில்லை. நானூற்று நான்கு என்று ஒரு எண் வருகிறது, பக்கம் காணப்படவில்லை என்கிறது.

அந்தச் சனிக்கிழமை முதலாளி எல்லோரையும் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கவைத்தார். ஜாமாய்பாபு காட்டலாக்கில் இருந்தபடி ஒரு முகவரியை அடித்தார். திறக்கவில்லை. நடுவில் இங்கிலீஷைக் குறிக்கும் 'ஈஎன்' என்ற இரண்டு எழுத்தையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்து அடித்தார். தராசு வந்து நின்றது. மாமனார் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா பாபா? ஈஎன் போட்டா வருது. காட்டலாக்ல அது இல்ல. டைப்ரைட்டர் அடிச்சுப் பழகின கை, ரெண்டு எழுத்த முழுங்கிடுச்சு."

"நான் பாத்தப்போ அந்த எழுத்தே கிடையாது, பாபு," என்றேன் முதலாளியிடம்.

"அப்படியா தாதா?" அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிட்டே கேட்டார் ஜாமாய்பாபு. " மழை பேஞ்சு முளைச்சிருக்குமோ? காளானா அது?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்துவிட்டு, திருத்தச் சீட்டு அடித்து எல்லாக் காட்டலாக்கிலும் ஒட்டச் சொன்னார். சீட்டின் வாசகத்தை ஜாமாய்பாபுவே சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். 'எங்கள் டைப்பிஸ்ட் செய்த பிழைக்கு வருந்துகிறோம்.' எங்கள் டைப்பிஸ்ட் என்றால் நான்தான். அதை நானே அடித்து, நானே கத்தரித்து, மிச்சமிருந்த அறுநூறு காட்டலாக்கிலும் நானே பசை தடவி ஒட்டினேன். ஒட்டி முடிக்கப் பிடித்த நான்கு நாளும் வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா, "கை என்னங்க இப்படிப் பிசுபிசுன்னு இருக்கு?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

சீட்டு ஒட்டியும் தீரவில்லை. ஈஎன் போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் ஈஎன் இரண்டு தடவை வந்து நின்றது. அதற்கடுத்த பக்கத்தில் மூன்று தடவை. மறுபடி பக்கம் இல்லை, மறுபடி போன். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சீட்டுலயும் தப்பா? இந்த மாசம் முடியட்டும். வேற இடம் பாத்துக்கோ."

முப்பத்தெட்டு வயது டைப்பிஸ்டுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? நீங்கள் அப்போது ஐந்தாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். இதை வீட்டில் சொல்லவில்லை. காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில், அட்டை கிழிந்த ஒரு பழைய வெப்சைட் புத்தகம் வாங்கினேன். போகவும் வரவும் ஃபெரிப் படகில் நின்றுகொண்டே படித்தேன். பாதி புரியாது. புரியாததை இரண்டாம் தடவை படிப்பேன்.

பத்து நாளில் புரிந்துவிட்டது. வெப்சைட்டுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு ஃபைல் உண்டு. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது, தேடிப்பிடிக்க வேண்டும். எந்த முகவரி கேட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சொல்வது அதுதான். வங்காளியிலும் ஒரு வெப்சைட் வேண்டும் என்ற ஆசையில் ஜாமாய்பாபு ஏதோ ஒரு மொழிக் கருவியைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அது எல்லா முகவரிக்கும் நடுவில் மொழியின் பெயரைச் செருகிவிட்டது. பழைய முகவரியைத் தேடி வருகிறவனுக்கு வழி சொல்ல ஒரு வரிகூட எழுதவில்லை. வீடு மாறுகிறவன் தபால்காரரிடம் புது விலாசம் சொல்லாமல் போன கதைதான். அந்த ஃபைல் மாற்றப்பட்ட தேதியும் அதன் பக்கத்திலேயே இருந்தது. காட்டலாக் அச்சாகிப் பதினொரு நாள் கழித்து வந்த ஒரு சனிக்கிழமை.

அன்றே அதை முதலாளியிடம் காட்டியிருக்கலாம். அன்றே சரிசெய்தும் இருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். காட்டினால் இன்னொரு "பாத்தீங்களா பாபா" வரும், இன்னொரு தடவை எல்லோரும் சிரிப்பார்கள். அதுவும் தவிர, எனக்கு நியாயம் மட்டும் போதவில்லை. அறுநூறு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அந்த ஆள் தன் மாமனார் முன்னால், தன் மாமியார் முன்னால் கூசி நிற்பதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

பக்கம் இல்லாதபோது வருகிற அறிவிப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம் என்று புத்தகத்தில் இருந்தது. எழுதினேன். 'இந்தப் பக்கம் இல்லை. வெப்சைட் பொறுப்பாளரை உடனே அழைக்கவும்.' கீழே ஜாமாய்பாபுவின் மொபைல் நம்பர். நம்பரை நான் திருடவில்லை. தன்னைப் பொறுப்பாளர் என்று அவரே வெப்சைட்டில் போட்டுவைத்திருந்தார். நாள் மட்டும் நான் பார்த்து வைத்தேன். ஜாமாய் சஷ்டிக்கு முந்தின சாயங்காலம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜாமாய் சஷ்டியன்று மாமியார் மாப்பிள்ளைக்கு விருந்து வைப்பது உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் அன்று முதலாளியின் பவானிபூர் வீட்டுக்கு லிச்சிக் கூடையும் தயிர்ச் சட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நான் போனபோது ஜாமாய்பாபு புதுப் பஞ்சாபி ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார். பெரிய வெண்கலத் தட்டு, சுற்றிலும் கிண்ணங்கள், ஐந்து விதப் பொரியல், தலையோடு இறால். மாசிமா, அதாவது முதலாளியின் மனைவி, பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. எடுத்தார், "ராங் நம்பர்" என்று வைத்தார். மறுபடி அடித்தது. "ஆபீசுக்குப் பேசுங்க" என்று வைத்தார். மூன்றாவது தடவை முகம் சுருங்கியது. "ஏதோ மாத்ராஜி பாஷை. ஒண்ணும் புரியல."

"இதோ நம்ம ஆள் நிக்கிறானே. அவன்கிட்ட குடு," என்றார் முதலாளி.

போனில் நெய் ஒட்டியிருந்தது. வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்து பேசறனுங்க. உங்க தராசப் பாக்கலாம்னா பக்கமே இல்லீங்குது. இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுதுங்க. கொஞ்சம் பாத்து வெச்சீங்கன்னா நல்லாருக்கும்."

"பாத்துடறேங்க. எத்தன தராசு வேணுங்க?"

"ஆறு வேணுங்க. அவசரமில்லீங்க, சாப்பிட்டுப்போட்டே கூப்பிடுங்க."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு வைத்துவிட்டார், தங்கமான மனிதர். நான் போனைக் கையில் பொத்திக்கொண்டேன்.

"என்ன சொல்றான்?" என்றார் முதலாளி.

அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன். வங்காளியில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். "ஆறு தராசு வேணுமாம். பக்கம் இல்ல, இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு வருதாம். அச்சடிச்ச முகவரி முதல்ல நல்லாத்தான் திறந்துச்சாம். அப்புறம் யாரோ நடுவுல ஈஎன்னைச் செருகிக் கெடுத்துட்டாங்களாம். செஞ்ச ஆளுக்கு வேலையே தெரியலையாம். இப்படி ஆள வச்சிருக்கிற கம்பெனிகிட்ட வாங்கலாமான்னு யோசிக்கிறாராம்."

ஆறு தராசையும் நம்பரையும் தவிர அத்தனையும் என்னுடையது.

என் கையில் போன் மறுபடி அடித்தது. முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். "செருகினது நீயா?"

"அது... பெங்காலி வரணும்னு... அது தானா வர்றது பாபா."

"உன் நம்பரும் தானா வந்துச்சா?"

அந்த நம்பரைத் தான் போடவில்லை என்று ஜாமாய்பாபு சொல்லியிருக்கலாம். சொன்னால், டைப்ரைட்டர்காரன் தன் வேலைக்குள் கை வைத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். என்னைப் பார்த்தார். நான் லிச்சிக் கூடையைப் பார்த்தேன்.

"போனை அணைச்சிட்டுச் சாப்பிடு," என்றார் முதலாளி. அந்தக் குரலில் அவர் ஜாமாயிடம் பேசி நான் கேட்டதில்லை. ஜாமாய்பாபு எழுந்து போய்க் கை கழுவினார். இறாலைத் தொடவே இல்லை. விசிறி நின்றுபோன கையோடு மாசிமா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்குப் பூஜை உங்கள் இருவருக்கும் துணி எடுத்துக் கொடுத்தவர் அவர். விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றிருப்பார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீயாவது ரெண்டு சந்தேஷ் சாப்பிட்டுப் போப்பா," என்றார்.

சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கேட் வரைக்கும் முதலாளி கூடவே வந்தார். "உன்னால சரிபண்ண முடியுமா?"

"முடியும் பாபு."

"எத்தன நாள்?"

"இன்னிக்கே."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். எவ்வளவு புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி, செய். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா," என்றார். வேலை நிலைத்துவிட்டது. பிழை உன்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அங்கேயே நின்றேன். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தை அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இப்போது பத்திரிகை மட்டும் வந்திருக்கிறது.

அன்று அரை நாள் விடுமுறை. காவலாள் தர்வானிடம் சாவி வாங்கி ஆபீசைத் திறந்தேன். போனில் பார்த்துக் குறித்துவைத்த நம்பரில் கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம் என்றேன். அறிவிப்பிலிருந்து ஜாமாய்பாபுவின் நம்பரை நீக்கினேன். மொழிக் கருவியை நிறுத்தினேன். பழைய முகவரி, ஈஎன் வந்த முகவரி, இரண்டு தடவை வந்த முகவரி, எதைக் கேட்டாலும் சரியான பக்கத்துக்குப் போகும்படி அந்தப் புள்ளி ஃபைலில் வரிகள் எழுதினேன். எல்லாப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதலாம் என்று பின்னாளில் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி வரிகள்தான். முப்பத்தொரு தராசையும் அடித்துப் பார்த்தேன், முப்பத்தொன்றும் திறந்தன.

மிச்சம் ஒரே ஒரு பக்கம் இருந்தது. 'எங்கள் நிர்வாகம்.' டை கட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஜாமாய்பாபு நிற்கிற படம் போட்ட பக்கம். அதற்கும் வரிகளை அடித்தேன். இந்த வரிகள் இல்லாவிட்டால் அவரைத் தேடி வருகிறவர்களுக்கு 'இந்தப் பக்கம் இல்லை' என்றுதான் வரும். பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, ஃபைலைச் சேமித்தேன்.