ஆறு மணி இங்கிலீஷ்

சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் எளாவூரில் நின்று கிளம்பினால், அடுத்த இரண்டாவது நிமிடம் எங்கள் வீட்டுக்குள் மெஷின் ஆயில் வாசனை நுழையும். அதன் பின்னாலேயே நைனா நுழைவார். உடனே வீடு கப்சிப். பயத்தால் அல்ல. ஆறிலிருந்து ஏழு வரை இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்பது நைனா போட்ட சட்டம். எங்கள் மூன்று பேரிடமும் சேர்த்து இருபது வாக்கியம் தேறாது என்பதால், அந்த ஒரு மணி நேரமும் குக்கர்தான் தாராளமாகப் பேசும்.

எல்லாம் என் ஒன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்த நைனா, 'தாய்மொழி' என்ற கட்டத்தில் கை நடுங்காமல் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிட்டார்.

அம்மா விடவில்லை. "தாய்மொழின்னா தாய் பேசறது தானே? நான் இன்னா லண்டன்லயா பொறந்தேன்?"

"மெஷின்ல எங்க கோளாறுன்னு எனக்குத்தான் தெரியும். சொல்லத் தெரியாம ஆபீசருங்க முன்னாடி பேஜாராயி நின்னுக்கினு இருக்கேன். இவ அப்படி நிக்கக் கூடாது" என்றார் நைனா. அந்தக் கட்டத்தை மெய்யாக்கும் பொறுப்பு என் தலையில் ஏறிக்கொண்டது.

ஐந்தாம் வகுப்பில் அதற்குச் சோதனை வந்தது. புது மெஷினைப் பொருத்த வந்திருந்த வெள்ளைக்காரர் எப்போதும் ஆபீசர்களோடேயே இருந்ததால், அவர் பேசி ஷெட்டில் யாரும் கேட்டதில்லை. ஆயுத பூஜையன்று தொழிலாளர் குடும்பங்களை உள்ளே விடுவது வழக்கம். "என் பொண்ணு அவரோட பேசுவா" என்று நைனா எல்லோரிடமும் சொல்லிவிட்டு, என்னிடம், "ஒரிஜினல் இங்கிலீஷு, நேரா அவர் வாயிலேர்ந்து வரும், நல்லா கேட்டுக்கோ" என்றார். நாஷ்டாவுக்குக்கூட உட்காராமல் தெரிந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன்.

சந்தனப் பொட்டு வைத்த மெஷின் முன்னால், நைனாவின் கூட்டாளிகள் சூழ்ந்து நிற்க, மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் விழித்தார். மெல்லப் பேசும்படி கையைக் காட்டினார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தான் இத்தாலிக்காரர் என்றும், முப்பது வயதுக்கு மேல் வேலைக்காகத்தான் இங்கிலீஷ் கற்றதாகவும் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதும், "இன்னாண்ணா, உன் ஒரிஜினலு நம்மள மாதிரியே தடவுது!" என்று ஒருவர் கத்த, ஷெட்டே சிரித்தது.

நைனா சிரிக்கவில்லை. "வெள்ளையா இருந்தாலே இங்கிலீஷுதான் தாய்மொழின்னு இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேனே" என்று முனகியவர், விறுவிறுவென்று இத்தாலிக்காரரிடம் போய் ஒரு வால்வைத் தொட்டுக் காட்டினார். "சார், மார்னிங் லீக். ஹாட், நோ லீக்."

"யெஸ், யெஸ்!" இத்தாலிக்காரர் குனிந்தார். இருவருமாக அரை மணி நேரம், பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கக்கூட வராமல், கையும் சொல்லுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. நைனா அம்மாவிடம் முழுக் கதையையும் தமிழில் சொன்னார். சட்டத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை.

இப்போது நான் எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் இங்கிலீஷ் கற்றுத்தருகிறேன். அந்த அமைதியான ஒரு மணி நேரம் வீட்டை விட்டுப் போய்விட்டது. ஆறு மணிக்கு டிவியும் நைனாவும் போட்டி போட்டுக் கத்துகிறார்கள். இந்த வேலைக்கான விண்ணப்பத்தில், 'இங்கிலீஷ் உங்கள் தாய்மொழியா?' என்று கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதினேன், கை நடுங்காமல். 'எங்கே கற்றீர்கள்?' என்ற அடுத்த கட்டத்தில், 'வீட்டில், ஆறிலிருந்து ஏழு வரை.'